ஒரு ப்ளவுஸுக்கு 35 மணி நேரம்: வேலையை விடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ராசிபுரத்தில் இருந்து ஒரு பெண் ஆபீஸுக்கு வந்திருந்தார். வயது 27. சேலத்தில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 28,000 ரூபாய். லாக்டவுன் சமயத்தில் பொழுது போகாமல் ஆரி ஒர்க் கற்றுக்கொண்டிருக்கிறார். முதலில் தனக்கு ஒரு ப்ளவுஸ், அப்புறம் அக்கா கல்யாணத்துக்கு ஒன்று. அதைப் பார்த்துவிட்டு அக்காவின் நாத்தனார் ஒன்று கேட்க, இப்போது முகூர்த்த மாசம் வந்தால் மாதம் நாலு ஆர்டர்.

"சார், மாசம் பதினெட்டாயிரம் வருதுங்க. வேலையை விட்டுட்டு முழு நேரமா இதையே பண்ணினா முப்பது, நாப்பது வரும் இல்லீங்களா?"

கூடவே ஒரு நோட்டு. அதில் ஆர்டர் எடுத்த தேதி, பெயர், தொகை எல்லாம் அழகாக எழுதியிருந்தது. அக்கவுண்ட்ஸ் பெண் ஆச்சே. ஆனால் அந்த நோட்டில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: மணி நேரம்.

இது இவர் ஒருவர் கதை இல்லை. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர் என்று இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் ஆரி கிளாஸ் போர்டு இருக்கிறது. ஆரி இல்லையென்றால் ரெசினில் கல்யாண மாலையைப் பதித்துத் தருவது, குரோஷே பொம்மை, டெரகோட்டா நகை. பகலில் சம்பள வேலை, ராத்திரி ஃப்ரேம் முன்னால். "உங்க பேஷனை ஃபாலோ பண்ணுங்க, காசு தானா வரும்" என்று சொல்லும் வீடியோக்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காசு தானாக வராது என்பது என் அனுபவம். வருகிற காசும் முழுசாக உங்களுடையது கிடையாது.

அன்றைக்கு அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்.

ஒரு கல்யாண ப்ளவுஸ். பின் கழுத்து, முன் கழுத்து, இரண்டு கை. அவர் வாங்குவது 4,500 ரூபாய். பட்டு நூல், ஜரி, ஜர்தோசி, குந்தன் கல், மணி எல்லாம் சேர்த்து 900. லைனிங் வைத்துத் தைக்க டெய்லருக்கு 700. மிச்சம் 2,900. இது வரைக்கும் அவரே சொல்லிவிட்டார்.

"சரி, எத்தனை மணி நேரம் ஆகும்?"

"ரெண்டு வாரத்துல முடிச்சிடுவேன் சார்."

"வாரம் வேண்டாம்மா. மணி நேரம் சொல்லுங்க."

டிசைன் வரைந்து துணியில் ட்ரேஸ் எடுக்க 2 மணி நேரம். ஊசி வேலை மட்டும் 26. கல் ஒட்டி, பின்பக்கம் நூல் வெட்டி, சரி பார்க்க 3. சேலைக்குப் பொருத்தமான நூல், மணி தேடிக் கடைவீதி போய்வர 2. போனிலும் வாட்ஸ்அப்பிலும் "அக்கா, அந்த மயிலுக்குப் பதிலா யானை வச்சுக்கலாமா" பேச்சுக்கு 2. மொத்தம் 35.

2,900-ஐ 35-ஆல் வகுத்தால் மணிக்கு 83 ரூபாய்.

அவருடைய சம்பளம் 28,000. மாதம் 26 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம். மணிக்கு கிட்டத்தட்ட 135 ரூபாய். அதிலும் கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கை நான் சேர்க்கவே இல்லை. சம்பளத்தோடு வரும் லீவு, போனஸ் எதையும் சேர்க்கவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்போ நான் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து, ஆபீஸை விடக் கம்மி சம்பளத்துக்கு வேலை செய்யறேனா சார்?" என்றார்.

ஆமாம். தனக்குத்தானே முதலாளியாக இருந்துகொண்டு, தனக்கே குறைந்த சம்பளம் கொடுக்கிறார்.

இன்னும் ஒன்று. மாதம் பதினெட்டாயிரம் என்பது தை, வைகாசி, ஆவணி மாதிரி மாதங்களில்தான். ஆடி, புரட்டாசி, மார்கழியில் நோட்டு காலி. வருடம் முழுக்க எண்ணிப் பார்த்தால் 30 ப்ளவுஸ். 30-ஐ 2,900-ஆல் பெருக்கினால் 87,000. மாதத்துக்குப் பிரித்தால் 7,250 ரூபாய். இதை நம்பித்தான் 28,000 ரூபாய் வேலையை விடலாமா என்று கேட்டார். நோட்டில் தெரிந்தது நல்ல மாதத்தின் வரவு, அதுவும் செலவு கழிக்காத வரவு.

சொந்தக்காரங்க தள்ளுபடி என்று ஒன்று இருக்கிறது பாருங்க, அதையும் சொல்லிவிடுகிறேன். "நம்ம பொண்ணுதானே, நாலாயிரம் போட்டுக்கோ" என்று அத்தை கேட்பார். 500 ரூபாய்தானே, பதினோரு சதவீதம் போனால் போகட்டும் என்று தோன்றும். ஆனால் நூல் கடைக்காரரும் டெய்லரும் அத்தைக்காகக் குறைக்கப் போவதில்லை. அந்த 500 முழுசும் உங்கள் 2,900-இல் இருந்து போகிறது. உங்கள் கூலியில் 17 சதவீதம் வெட்டு. மணிக்கு 69 ரூபாய். அத்தைக்குச் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. மனசு இருந்தால் சும்மாவே செய்து கொடுங்கள், சீராக நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி விலையில் செய்து, உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் மோசம்.

இந்த இடத்தில் நம்ம ஊர் கொலுசுத் தொழிலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆர்டர் எடுத்துச் செய்யும் கைவேலைக்கு எப்படி விலை வைப்பது என்று வெளிநாட்டு யூடியூபரிடம் கேட்க வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் போய்ப் பாருங்கள். சேலம் வெள்ளிக் கொலுசு நாடு முழுக்கப் போகிறது. அதில் பெரும்பகுதி வீடுகளிலும் சின்னப் பட்டறைகளிலும் செய்யப்படுவது. வியாபாரி வெள்ளியைக் கொடுப்பார், பட்டறைக்காரர் கொலுசாகத் திருப்பித் தருவார். கணக்கு மூன்று பகுதி: உலோகம் தனி, சேதாரம் தனி, கூலி தனி. உலோகம் எடை போட்டு வருகிறது, எடை போட்டுப் போகிறது. வேலையில் எவ்வளவு வீணாகும் என்பது முன்கூட்டியே பேசியது. கூலி பேசியது.

2025-இல் என்ன ஆனது? வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. வருடம் முடிவதற்குள் இரண்டு லட்சத்தையும் தாண்டியது. ஆர்டர் குறைந்து பட்டறைகள் கஷ்டப்பட்டிருக்கலாம். ஆனால் கூலிக்குச் செய்பவர், விலை ஏற்றத்தைத் தன் பையிலிருந்து கட்ட வேண்டிய நிலை இல்லை. உலோகம் அவருடையது இல்லையே. இதையே "ஜோடி கொலுசு இவ்வளவு ரூபாய், எல்லாம் சேர்த்து" என்று ஆறு மாதத்துக்கு முன் ஒரே விலை பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கைத்தறியிலும் இதே முறைதான். கூட்டுறவுச் சங்கமோ மாஸ்டர் வீவரோ பாவும் ஊடையும் கொடுத்தால், நெசவாளி சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். அந்தக் கூலி போதுமா என்பது வேறு சண்டை. போதாது என்பதுதான் என் கருத்து. ஆனால் பொருளையும் உழைப்பையும் ஒன்றாகக் குழப்பாத பழக்கம் இந்த ஊர்த் தொழில்களில் ரொம்ப நாளாக இருக்கிறது. ஹாபியில் இருந்து வருகிறவர்கள்தான் "மொத்தமா 4,500" என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

அதனால் அவருக்கு நான் சொன்னது இது. விலை சொல்லும்போது மனதுக்குள் மூன்று வரி எழுதுங்கள்: பொருள், வெளிவேலை, உங்கள் மணி நேரம். மூன்றாவது வரிக்குக் குறைந்தபட்ச ரேட், உங்கள் சம்பளத்தின் ஒரு மணி நேர ரேட். அவருக்கு 135. 35 மணி நேரத்துக்கு 4,725. அதோடு 900, 700 சேர்த்தால் 6,325. இனிமேல் அதே வேலைக்கு விலை 6,300 ரூபாய், அவ்வளவுதான்.

"அவ்வளவு சொன்னா யாரும் தர மாட்டாங்க சார்."

தர மாட்டார்கள் சிலர். அதுவும் ஒரு பதில்தான். 6,300 தர ஆள் இல்லையென்றால், அந்த டிசைனை 4,500-க்குச் செய்யாதீர்கள். 4,500-க்கு 22 மணி நேரத்தில் முடியும் டிசைனைச் செய்யுங்கள். 22 மணி நேரத்துக்கு 2,970 கூலி. பொருளும் கொஞ்சம் குறையும். கழுத்துக்கு மட்டும் கனமான வேலை, கைக்கு ஒரு பார்டரும் புட்டாவும். வாடிக்கையாளரின் பட்ஜெட்டுக்கு ஏற்றபடி வேலையைக் குறைக்கலாம். கூலி ரேட்டைக் குறைக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போட்ட ரெடிமேட் ப்ளவுஸ் ஆன்லைனில் ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. அதோடு விலையில் போட்டி போட்டால் தோற்றுத்தான் போவீர்கள். உங்களிடம் வருகிறவர் வாங்குவது வேறு: தன் முகூர்த்தச் சேலையின் பார்டர் நிறம், தன் அளவு, தன் கல்யாணத் தேதி. இந்த மூன்றையும் மெஷின் கடை தராது. அதில் மூன்றாவதுதான் பயங்கரமானது. குரோஷே பொம்மை இரண்டு நாள் தள்ளிப் போனால் ஒரு சாரி சொல்லிவிடலாம். முகூர்த்த ப்ளவுஸ் ஒரு நாள் தள்ளிப் போனால் அந்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் காலம் முழுக்க உங்கள் பெயர் இருக்கும். மார்ச் மாதம் ஆபீஸில் இயர் எண்ட் குளோசிங், அதே நேரத்தில் பங்குனி முகூர்த்தம். இரண்டுக்கும் ஒரே ஆள், ஒரே ஜோடிக் கண். ஆர்டர் எடுக்கும்போதே ஆபீஸ் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் பற்றி நிறையப் பேர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. 6,300-இல் பாதி 3,150. பொருளும் தையலும் சேர்ந்து 1,600. அட்வான்ஸ் வந்துவிட்டால் கைக்காசு போட வேண்டியதில்லை, கூலியிலும் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டது. அட்வான்ஸ் வராமல் நூல் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். டிசைன் படம், நிறம், டெலிவரி தேதி மூன்றையும் ஒரே வாட்ஸ்அப் மெசேஜில் அனுப்பி "ஓகே" வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அக்ரிமென்ட். ஊசி போட ஆரம்பித்த பிறகு மயில் யானையாக மாறினால், அதற்குத் தனிக் காசு.

இனி என் ஏரியாவுக்கு வருகிறேன். வரி.

முதல் பயம் யுபிஐ. "ஜிபே-ல காசு வந்தா நோட்டீஸ் வருமாமே?" 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை, யுபிஐ வரவை வைத்து பெங்களூரு சின்ன வியாபாரிகள் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது, கடைகளில் கியூஆர் அட்டையைக் கழற்றி "கேஷ் மட்டும்" என்று ஒட்டினார்கள். அந்தச் செய்தி பரவியதில் இருந்து இந்தக் கேள்வி நிற்கவே இல்லை. அங்கே கேட்கப்பட்டது ஜிஎஸ்டி வரம்பைத் தாண்டிய வரவைப் பற்றி. வரம்பு தெரியுமா? பொருள் மட்டும் விற்பவர்களுக்கு வருடம் 40 லட்சம், சேவை செய்பவர்களுக்கு 20 லட்சம். தமிழ்நாட்டுக்கும் இதேதான்.

ஆரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இதில் இருக்கிறது. வாடிக்கையாளர் கொண்டுவந்த துணியில் நீங்கள் வேலை செய்து கொடுத்தால், சட்டப்படி அது பொருள் விற்பனை இல்லை, சேவை. உங்களுக்கு 40 லட்சம் வரம்பு பொருந்தாது, 20 லட்சம்தான். குரோஷே பொம்மை நீங்களே நூல் வாங்கிச் செய்து விற்றால் அது பொருள். அப்போது இன்னொரு சங்கதி: பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் வரம்பு பார்க்காமல் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பது பொது விதி. அரசு அறிவித்த கைவினைப் பொருட்கள் பட்டியலில் உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. இன்ஸ்டாகிராம் பார்த்துவிட்டு ஓசூரைத் தாண்டி பெங்களூருவில் இருந்து ஆர்டர் வந்தால், பார்சல் கட்டுவதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வருடம் 1,35,000 வரவு உள்ள ராசிபுரத்துப் பெண்ணுக்கு ஜிஎஸ்டி பற்றிய கவலையே வேண்டாம். சம்பளம் அந்த வரம்புக் கணக்கில் சேராது.

வருமான வரி வேறு கதை. பிரிட்டனில் 2017-இல் இருந்து ஒரு சலுகை இருக்கிறது: பக்கத் தொழிலில் வருடம் 1,000 பவுண்டு வரை வரவு வந்தால் பொதுவாக வரி கிடையாது. இங்கே அப்படி ஹாபிக்கென்று எந்த விலக்கும் இல்லை. முதல் ரூபாயில் இருந்தே அது வருமானம். கணக்கில் காட்ட வேண்டும். காட்டுவது வேறு, வரி கட்டுவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒளித்து வைக்கிறார்கள்.

2026 மார்ச் 31 வரையிலான 2025–26 நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை வரி பூஜ்யம். சம்பளக்காரர்களுக்கு 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தனி. ராசிபுரத்துப் பெண் சம்பளமும் ஆரியும் சேர்த்துக் காட்டினாலும் ஒரு பைசா வரி இல்லை. பிறகு எதற்கு ஒளிக்க வேண்டும்? நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது இந்தக் காகிதம்தான் பேசும்.

ஆனால் இதே சேனலைப் பார்க்கிற ஐடி தம்பி, தங்கைகள் இருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் அடி. ஒரு உதாரணம். சம்பளம் வருடம் 12,50,000. 75,000 கழித்தால் 11,75,000. வரி பூஜ்யம். இவர் வார இறுதியில் ரெசின் ஃப்ரேம் செய்து வருடத்துக்கு ஒரு லட்சம் லாபம் பார்க்கிறார். மொத்த வருமானம் 12,75,000 ஆகிவிட்டது. 12 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி போச்சு. வரி 71,250, செஸ் 4 சதவீதம் சேர்த்து 74,100 ரூபாய். வருடம் முழுக்க சனி, ஞாயிறு விழித்துச் சம்பாதித்த ஒரு லட்சத்தில் கையில் நிற்பது 25,900.

முதல் தடவை இந்தக் கணக்கைக் காட்டினால் யாரும் நம்புவதில்லை. திரும்பப் போடச் சொல்கிறார்கள். போட்டாலும் அதேதான் வரும். அதனால் 12 லட்சம் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் ஆர்டர் எடுப்பதற்கு முன், எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி மூலமாக என்பிஎஸ் போடும் வசதி இருந்தால், புதிய முறையிலும் முதலாளி பங்குக்குக் கழிவு உண்டு, எச்ஆரிடம் கேளுங்கள். "அம்மா பேர்ல ஜிபே மாத்திடலாமா" என்று கேட்காதீர்கள். அம்மா செய்தால் அம்மா வருமானம். நீங்கள் செய்து அம்மா கணக்கில் வாங்கினாலும் அது உங்கள் வருமானம்தான்.

அப்புறம் ஃபார்ம். சம்பளம் மட்டும் இருக்கும்போது ஐடிஆர்-1 போட்டிருப்பீர்கள். தொழில் வருமானம் வந்தால் அது செல்லாது. சின்னத் தொழிலுக்கு 44ஏடி பிரிவில் உத்தேச வருமானம் காட்டி ஐடிஆர்-4 போடலாம். மியூச்சுவல் ஃபண்டை ஒரு வருடத்துக்குள் விற்று லாபம் பார்த்திருந்தால் ஐடிஆர்-4-உம் இல்லை, ஐடிஆர்-3. பழைய வரி முறையில் இருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்: வெறும் சம்பளக்காரர் வருடா வருடம் பழசு, புதுசு மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் வந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். பழையதைத் தேர்ந்தெடுத்தவர் புதியதற்கு ஒரு முறை திரும்பலாம், அதன்பின் தொழில் வருமானம் இருக்கும் வரை பழையதற்கு வர முடியாது. வீட்டுக் கடன் வட்டியை நம்பிப் பழைய முறையில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

44ஏடி பற்றி என் சக ஆடிட்டர்கள் சிலர் என்னைத் திட்டலாம். சட்டம் குறைந்தபட்சம் சொல்வது, பேங்க் வழியாக வந்த வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம். அதை மட்டும் காட்டிவிட்டுப் போ என்பார்கள். ஆரி வேலையில் உண்மையான லாபம் அறுபது சதவீதத்துக்கு மேல். அதிகமாக சம்பாதித்திருந்தால் அதிகமாகவே காட்டுங்கள் என்பது என் கட்சி. 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு எப்படியும் வரி பூஜ்யம்; 8,000 என்று காட்டுவதற்கும் 87,000 என்று காட்டுவதற்கும் வரியில் வித்தியாசமே இல்லை. பேங்க் மேனேஜர் பார்க்கும்போது மட்டும்தான் வித்தியாசம். வரி வருகிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை, மார்ச் 15-க்குள் அட்வான்ஸ் டாக்ஸைக் கட்டிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். வேறு தொழில் செய்யக் கூடாது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். கைவேலைக்கு மறுக்கும் கம்பெனி குறைவு, ஆனால் கேட்காமல் செய்து மாட்டுவது தேவையில்லாத வம்பு. ஒரு மெயில் போட்டுப் பதில் வாங்கி வையுங்கள். அரசு ஊழியர்கள், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் என்றால் நடத்தை விதிகள் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் தொழில் செய்வது நேரடியாகச் சிக்கல்.

ஆன்லைன் தளங்களை நம்பி வேலையை விட நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கைவினைப் பொருட்களுக்கென்றே 2005-இல் அமெரிக்காவில் தொடங்கிய எட்சி தளம், 2022 ஏப்ரலில் விற்பனைக் கமிஷனை 5 சதவீதத்தில் இருந்து 6.5 ஆக்கியது. ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடிப் போராடினார்கள். கமிஷன் இறங்கவில்லை. நம்ம ஊரில் இன்ஸ்டா ரீச் ஒரே வாரத்தில் படுத்துக்கொள்வதும் இதே மாதிரிதான். உங்கள் பழைய வாடிக்கையாளர்களின் போன் நம்பர் நோட்டு உங்களிடம் இருக்கட்டும். அதை எந்தத் தளமும் பிடுங்க முடியாது.

கடன் வாங்கி ஆரம்பிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025-இல் தொடங்கியது, மானியத்தோடு கடன் தருகிறார்கள். ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். சம்பளம் வந்துகொண்டிருக்கும் இருபதுகளில் உள்ளவருக்கு என் பதில் எளிது: ஃப்ரேமும் ஊசியும் நூலும் வாங்க எதற்குக் கடன்? அட்வான்ஸில் ஓட்டுங்கள்.

அப்படியானால் எப்போதுதான் வேலையை விடலாம்? நான் வைக்கும் கோடு கொஞ்சம் கடினமானது. மணிக்கு உங்கள் சம்பள ரேட்டின் ஒன்றரை மடங்கு கூலி வர வேண்டும், ஏனென்றால் பிஎஃப், லீவு, இன்சூரன்ஸ் எல்லாம் இனி உங்கள் செலவு. அதுவும் ஒரு ஆடி, ஒரு மார்கழி இரண்டையும் கடந்த முழு வருடக் கணக்கில். கையில் ஆறு மாதச் செலவுக்குக் காசு. இது மூன்றும் இருந்தால் நான் தடுக்க மாட்டேன். ராசிபுரத்துப் பெண்ணுக்கு ஒன்றரை மடங்கு என்றால் மணிக்கு 200 ரூபாய்க்கு மேல். இப்போது 83-இல் இருக்கிறார்.

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். அக்கா கல்யாணத்துக்குச் செய்த ப்ளவுஸுக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்றே தெரியாதாம். ரேடியோ கேட்டுக்கொண்டே செய்தாராம். இப்போதெல்லாம் ஃப்ரேமைப் பார்த்தாலே கழுத்து வலிக்கிறது என்றார். இதற்கு என்னிடம் எக்ஸெல் ஷீட் இல்லை. வருடத்துக்கு ஒன்றாவது விலை பேசாமல், தனக்காகச் செய்துகொள்ளச் சொன்னேன். தலையை ஆட்டினார். செய்வாரா தெரியாது.

பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். வேலையை விடவில்லை. பங்குனிக்கு இரண்டு ஆர்டர் மட்டும் எடுத்திருக்கிறார். முதல் ஆள் 6,300 என்றதும் "யோசிச்சுச் சொல்றேன்மா" என்று போனவர், திரும்பவே இல்லை. இரண்டாவது ஆள் பேரம் பேசாமல் 3,150 அட்வான்ஸ் அனுப்பிவிட்டார். அத்தை மட்டும் இன்னும் கோபமாக இருக்கிறாராம்.

மணி நேரக் கணக்குப் போடும் ஷீட்டை வீடியோவுக்குக் கீழே வைத்திருக்கிறேன். மஞ்சள் கட்டத்தில் மட்டும் உங்கள் சம்பளத்தைப் போடுங்கள். ட்ரேஸ் எடுக்கும் நேரத்தையும் போன் பேசும் நேரத்தையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.